குமரி விளைகளுக்கு 35 சிசி பிரஷ் கட்டர்: எவ்வளவு வெட்டுகிறது என்பதோடு எவ்வளவு விட்டுவைக்கிறது என்றும் பாருங்கள்

களை வெட்ட ஆள் கிடைப்பது குறைந்த பிறகு, குமரி மாவட்டத்தில் அரை ஏக்கர் விளை (தோட்டம்) வைத்திருப்பவர் வீட்டுத் திண்ணையிலும் ஒரு பிரஷ் கட்டர் சாய்ந்து நிற்கிறது. அதிகம் விற்பது 35 சிசி, நான்கு ஸ்ட்ரோக், தோளில் பெல்ட் போட்டுப் பக்கவாட்டில் தொங்கவிடும் நேர்த்தண்டு மாடல். இந்த மதிப்புரை அந்த வகையைப் பற்றியது. ஒரு கம்பெனியை உயர்த்திப் பிடிப்பது நோக்கமில்லை. இன்ஜின், தண்டு, பிளேடு ஆகிய மூன்றும் இந்த வகை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தென்னந்தோப்புக்கும் ரப்பருக்கும் குளத்தங்கரைக்கும், களைக்கொல்லியைவிடவும் மண்வெட்டிக் கொத்தைவிடவும் இந்த மிஷின் எவ்வளவோ மேல். ஆனால் பெட்டியோடு வரும் நைலான் கயிற்றுத் தலையை மாட்டி, தரையோடு தரையாக வழித்தெடுத்தால் அந்த நன்மையில் பாதிக்கு மேல் போய்விடும். கடையில் ஓட்டிக் காட்டும்போது பத்தடி இடத்தைச் செம்மண் தெரிய வழித்து, "என்ன சுத்தமா எடுக்குது பாருங்க" என்பார்கள். நாம் பார்க்க வேண்டியது வேறு: இந்த மிஷினைப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் நடந்தாலும், தரையிலிருந்து 8–10 செ.மீ. புல்லைச் சீராக விட்டு வெட்ட முடிகிறதா?

அந்த 10 செ.மீ. ஏன் என்றால், புல்லின் வேர் அதன் இலையை நம்பித்தான் இருக்கிறது. அமெரிக்க வேளாண்மைத் துறைக்காக கிரைடர் செய்து 1955-ல் வெளியான சோதனையில், இலையில் பாதி வரை வெட்டியபோது வேர் வளர்ச்சி பெரிதாகத் தடைபடவில்லை. 80 சதவீதம் வெட்டியபோது 12 நாள் வேர் வளர்ச்சி முழுக்க நின்றது. 90 சதவீதத்தில் அது 17 நாள். அங்கே சோதித்த புல்வகைகள் வேறு. அந்த நாள் கணக்கை நம் எருமைப்புல்லுக்கும் அருகுக்கும் அப்படியே போட முடியாது. ஆனால் நடப்பது ஒன்றுதான். மாதாமாதம் மொட்டையடித்தால் வேர் மேலேயே நிற்கும். வேர் மேலே நின்றால் மழைத்தண்ணீர் கீழே இறங்கும் வழி அடைபடும். நம் மாவட்டத்துக்கு இது சின்ன விஷயமில்லை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழை என இரண்டும் இங்கே பெய்கின்றன. குலசேகரம், அருமனை, கடையாலுமூடு பக்கம் ரப்பர் நிற்பதெல்லாம் சரிவான செம்மண். புல் மூடாத சரிவில் மழைத்துளி நேராக மண்ணை அடித்துச் சேறாக்குகிறது. அந்தச் சேறு மண்ணின் துளைகளை அடைக்க, மேல்மண்ணோடு தண்ணீர் ஓடையில் இறங்கிவிடுகிறது. பிப்ரவரியில் கிணறு கீழே போகிறது என்று பேசும்போது ஜூனில் வெட்டிய உயரத்தையும் சேர்த்துப் பேச வேண்டும்.

இனி மிஷினுக்கு வருவோம்.

35 சிசி நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் சுமார் ஒரு கிலோவாட் சக்தி தரும். முழங்கால் உயரப் புல், தொட்டாவாடி (தொட்டாற்சுருங்கி), பென்சில் பருமன் வரையுள்ள செடித்தண்டு ஆகியவற்றுக்கு இது போதும். கைத்தடி பருமனுள்ள கம்யூனிஸ்ட் பச்சை என்ற புதர்ச்செடியின் தண்டுக்கு இதை வைத்து மல்லுக்கட்டக் கூடாது, வெட்டுக்கத்தி எடுங்கள். மிஷினின் எடை 7–8 கிலோ. பெட்ரோல் டாங்க் சுமார் 600 மி.லி. பிடிக்கும், நின்று வேலை செய்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடும். சமதளத் தோப்பில் பழகிய கை ஒரு நாளில் ஏக்கருக்கு அருகில் முடித்துவிடும், பெட்ரோல் நான்கு லிட்டருக்குள் அடங்கும். சரிவு, கல், காட்டுக்கொடி என்றால் அதில் பாதிதான்.

இரண்டு ஸ்ட்ரோக் மாடல் விலை குறைவு, இழுவை அதிகம். ஆனால் அதில் பெட்ரோலோடு ஆயில் கலக்க வேண்டும். மிஷினுக்கு மிஷின் அளவு மாறும்: 1:25 என்றால் லிட்டருக்கு 40 மி.லி., 1:50 என்றால் 20 மி.லி. கூலிக்கு வரும் மூன்று பேர் மாறி மாறி ஓட்டும் மிஷினில் ஒரு நாள் யாராவது வெறும் பெட்ரோலை ஊற்றிவிடுவார்கள், பிஸ்டன் பிடித்துவிடும். நான்கு ஸ்ட்ரோக்கில் இந்தத் தொல்லை இல்லை, புகையும் சத்தமும் குறைவு. அதில் நடக்கும் தவறு வேறு. இன்ஜின் ஆயில் 100 மி.லி. அளவுதான் பிடிக்கும். மிஷினைச் சாய்த்து வைத்து ஊற்றினால் அளவு தவறி அதிகமாகிவிடும். மிஞ்சிய ஆயில் ஏர் ஃபில்டருக்குள் ஏறி, வெள்ளைப் புகை வந்து மிஷின் திணறும். சமதளத்தில் வைத்து ஊற்றுங்கள், 10டபிள்யூ-30 ஆயில் போதும். முதல் 10 மணி நேரத்தில் ஒரு தடவை மாற்றிவிட்டு, பிறகு 50 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றினால் சரி.

தண்டைப் பற்றி ஒரு வார்த்தை. முதுகில் மாட்டும் மாடலில் இன்ஜினுக்கும் தண்டுக்கும் நடுவே வளையும் குழாய் இருக்கும். ரப்பர் சரிவின் படித்தட்டுகளில் (பிளாட்பாரம்) ஏறி இறங்கி வெட்ட அது வசதி என்பது உண்மைதான். ஆனால் உள்ளே ஓடும் கம்பிவடத்துக்குக் கிரீஸ் வைக்காமலும் குழாயை ஒடித்து மடக்கியும் ஓட்டினால் அறுந்துபோகும். அதைவிடப் பெரிய குறை, கை இஷ்டத்துக்கு எந்தப் பக்கமும் போவதால் வெட்டும் உயரம் நிலையாக நிற்பதில்லை. ஒரு வீச்சு முழங்காலில், அடுத்த வீச்சு மண்ணில். நேர்த்தண்டு மாடலில் பெல்ட்டைச் சரியாக மாட்டினால் பிளேடு தானே ஒரு மட்டத்தில் தொங்கும். கொக்கி வலது இடுப்புக்குக் கீழே ஒரு கையகலத்தில் நிற்க வேண்டும். பிறகு தண்டில் கொக்கி மாட்டும் வளையத்தை முன்னே பின்னே தள்ளி, கையை விட்டாலும் பிளேடு தரையிலிருந்து 10 செ.மீ. மேலே தொங்கும்படி வையுங்கள். மிஷினை ஸ்டார்ட் செய்யும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். இதற்கு ஐந்து நிமிடம் போதும். பெரும்பாலானோர் செய்வதில்லை; அதனால்தான் முதுகும் வலிக்கிறது, மண்ணும் வழிக்கப்படுகிறது.

பிளேடுதான் இந்த மதிப்புரையின் மையம். மூன்று பல் இரும்பு பிளேடு, 255 மி.மீ. விட்டம், நடுத்துளை 25.4 மி.மீ. புல்வெளிக்கு இதுதான் சரி. இது புல்லை அரிவாள் மாதிரி ஒரே வெட்டில் அறுத்துப் பக்கத்தில் சாய்த்துவிடும். நைலான் கயிறு அறுப்பதில்லை, அடித்துக் கிழிக்கிறது. நைலான் பட்ட ஒரு புல்தாளைக் கையில் எடுத்துப் பாருங்கள். நுனி நார் நாராகப் பிரிந்து நிற்கும், மறுநாள் அந்த நுனியிலிருந்து ஒரு விரற்கடை வெளுத்துக் காயும். பிளேடு பட்ட தாளில் வெட்டு நேராக இருக்கும், காயும் அளவு மிகக் குறைவு. அதோடு நைலான் வீச்சில் புல்லும் மண்ணும் சாணமும் ஒன்றாகத் தெறித்து நசுங்கிக் கிடப்பதால் அதை மாட்டுக்குப் போட முடியாது. கயிறு தேய்ந்து உதிரும் துண்டுகள் விளையிலேயே தங்கும். அவை தீவனத்தில் கலந்து மாட்டின் வயிற்றுக்குள் போகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பாகிவிடும். கறவை மாடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 20–25 கிலோ பசும்புல் வேண்டியிருக்கும் வீட்டில் இது நேரடி நஷ்டம்.

நைலானால் வரும் இன்னொரு சேதம் கண்ணுக்குச் சீக்கிரம் தெரியாது. இளம் ரப்பர், ஜாதிக்காய், நல்லமிளகுக் கொடி ஆகியவற்றின் அடித்தண்டில் கயிறு சுற்றி அடித்தால் பட்டை வளையமாக உரியும். செடி சில வாரம் பச்சையாகவே நிற்கும், பிறகு மேலிருந்து வாடும். இளங்கன்றைச் சுற்றி மூன்றடி வட்டத்தில் மிஷினே வேண்டாம், கையால் பறித்துவிடுங்கள். நைலானுக்கு இடம் இருக்கிறது: மதில் ஓரம், கல்கட்டு, சிமெண்ட் வாய்க்கால் ஓரம். இரும்பு பிளேடு கல்லில் பட்டுத் தெறிக்கும் இடங்கள் இவை.

பிளேடு எதிர்க்கடிகாரத் திசையில் சுற்றுவதால் வலமிருந்து இடமாக வீச வேண்டும். பிளேட்டை ஒரு கடிகார முகமாக நினைத்தால் 12-க்கும் 3-க்கும் நடுவிலுள்ள பகுதி கல்லிலோ குச்சியிலோ பட்டால் மிஷின் பின்னோக்கி உதைக்கும். பிளேடு நட்டின் மரை இடது மரை. கழற்றுவதற்குக் கடிகாரத் திசையில் திருக வேண்டும். இது தெரியாமல் முறுக்கி மரையை அறுத்தவர்கள் ஏராளம். சரளை மண்ணில் பிளேடு சீக்கிரம் மழுங்கும். அரம் போடும்போது மூன்று பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் இழுங்கள். ஒரு பல் எடை குறைந்தால் தண்டு அதிரும், கை மரத்துப்போகும், கியர் பெட்டியில் பேரிங் போகும். 20–25 மணி நேரத்துக்கு ஒரு முறை கியர் பெட்டியில் கிரீஸ் வைத்து, ஏர் ஃபில்டரைக் கழுவி உலர்த்துங்கள். நடுத்துளைக்கு அருகில் முடியிழை போல் விரிசல் தெரிந்தால் பிளேட்டை வெல்டிங் செய்ய வேண்டாம், தூக்கிப் போடுங்கள்.

எப்போது வெட்டுவது என்பதில் மிஷினைவிட உங்கள் நாட்காட்டிக்குத்தான் வேலை. குமரிக்கு வருஷம் மூன்று வெட்டு போதும். முதல் வெட்டு மே மாதம் கோடை மழை கிடைத்த பிறகு, தென்மேற்கு வலுப்பதற்கு மூன்று வாரமாவது முன்னால். சரிவில் பருவமழைக்கு முந்தின நாள் வழித்து வைப்பதைப் போல் கெட்ட காரியம் இல்லை. இரண்டாவது செப்டம்பரில், இரண்டு பருவமழைக்கும் நடுவில். மூன்றாவது டிசம்பர் கடைசி அல்லது ஜனவரி, மழை ஓய்ந்ததும். இந்தக் கடைசி வெட்டில் விழும் புல் கோடைக்கான மூடாக்கு. தென்னைத் தடத்தில், தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி, ஆறடி ஆரம் வரை, பத்து செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள். தென்னையின் உறிஞ்சு வேர்களில் பெரும்பங்கு இந்த வட்டத்துக்குள்தான். ரப்பரில் ஜனவரியில் இலையும் உதிர்ந்து கிடக்கும். அங்கே காய்ந்த புல்லைக் குவித்து வைத்தால் தீப்பிடிக்கும், பாதை ஓரத்தில் பத்தடி அகலம் சுத்தமாக எடுத்துவிடுவது நல்லது.

செப்டம்பர் வெட்டை ஒரே நாளில் முடிக்க வேண்டாம். ஒரு பட்டை வெட்டி, அடுத்த பட்டையை விட்டு, மூன்று நான்கு வாரம் கழித்து விட்டதை வெட்டுங்கள். காரணம் தேனீ. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற மார்த்தாண்டம் தேனில் பெரும்பங்கு ரப்பர் தளிரிலிருந்து வருகிறது. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை, இலைக்காம்பு முனையிலுள்ள சுரப்பியில் தேன் ஊறும். அதன்பிறகு மழைக்காலம் முழுக்கக் கூட்டுக்குப் பஞ்சம்தான். சர்க்கரைப் பாகு வைத்துக் காப்பாற்றுவார்கள். பாகு பசியைத்தான் ஆற்றும், தேனீயின் புழு வளர மகரந்தம் வேண்டும். அந்த மாதங்களில் தரையில் பூக்கும் தொட்டாவாடி, தும்பை, கிணற்றடிப்பூண்டு எல்லாம் தேனீக்குச் சோறு. எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டிவிட்டால் பக்கத்து விளையில் கூடு வைத்திருப்பவருக்குத்தான் அடி. பட்டை விட்டு வெட்டுவதில் உங்களுக்கு ஆகும் கூடுதல் செலவு இன்னொரு நாள் பெட்ரோல்.

வெட்டும் திசையும் முக்கியம். ஓரத்திலிருந்து நடுவுக்கு வெட்டிக்கொண்டு போனால் தவளை, அரணை, ஆட்காட்டிக் குஞ்சு எல்லாம் நடுவில் மாட்டிக்கொள்ளும். நடுவில் தொடங்கி ஓரத்துக்கு வாருங்கள். குளத்தங்கரையில் இதைக் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும். சுசீந்திரம்–தேரூர், வேம்பனூர் போன்ற குளங்களின் கரைப் புல்லில்தான் பறவைகள் ஒதுங்குகின்றன. கரையின் மண்ணைக் கட்டிப் பிடித்திருப்பதும் அந்த அருகம்புல் வேர்தான். கரையைச் சுத்தப்படுத்துகிறேன் என்று மண்வெட்டியால் செதுக்கினால் மறுகால் பாயும் நாளில் அந்த இடத்தில்தான் அரிக்கும். அங்கே 15 செ.மீ. விட்டு வெட்டுங்கள்.

இந்த மிஷினால் முடியாததைச் சொல்லியே ஆக வேண்டும். ரப்பரிலும் வாழையிலும் படரும் மைக்கேனியா கொடியைப் பிரஷ் கட்டரால் வெட்டுவது அதை நடவு செய்வதற்குச் சமம். அதன் ஒவ்வொரு கணுவும் வேர் விடும். துண்டு துண்டாகத் தெறித்த கணுக்கள் அடுத்த மழையில் விளை முழுக்க முளைக்கும். பூப்பதற்கு முன்னால் கையால் இழுத்துச் சுருட்டி, வெயிலில் காயப்போடுவது ஒன்றே வழி. தர்ப்பைப்புல்லும் கோரையும் அப்படித்தான்: கிழங்கும் நிலத்தடித் தண்டும் பத்திரமாக இருப்பதால் வெட்டினால் சாகாது. மேலே நிழல் விழும்படி கொடிப்பயறு ஏதாவது மூடினால் தர்ப்பை அடங்கும். இளம் ரப்பரில் பியூரேரியா, முக்கூனா போன்ற கொடிப்பயறு விதைப்பது இதற்கும் சேர்த்துத்தான். தோவாளைப் பக்கம் பார்த்தீனியம் நிற்கும் நிலத்தில் வெட்டிய மிஷினை, காப்புத்தகட்டையும் பிளேட்டையும் கழுவாமல் அடுத்த விளைக்குக் கொண்டுபோகக் கூடாது. விதை அதில் ஒட்டிக்கொண்டு போகும்.

களைக்கொல்லியோடு ஒப்பிடாமல் இந்த மதிப்புரை முழுமையாகாது. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தெளிக்கும் உரிமையை 2022-ல் வந்த மத்திய அரசு அறிவிக்கை பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழில் உரிமம் உள்ளவர்களுக்கு மட்டுமே தந்தது. தோப்புக்காரர் வாங்கித் தானே அடிப்பதை அந்த அறிவிக்கை அனுமதிக்கவில்லை. சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும் பலன் என்ன? புல் வேரோடு செத்து, சரிவு முழுக்கப் பழுப்பாகி, அடுத்த மழைக்கு மண் திறந்து கிடக்கும். முதலில் முளைத்து வருவதும் கோரையும் கம்யூனிஸ்ட் பச்சையும்தான்.

"அப்போ பாம்பு?" என்று கேட்பார்கள். நியாயமான பயம். அதிகாலையில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவருக்குக் கண்ணாடிவிரியனும் குழிவிரியனும் உண்மையான ஆபத்து. இதற்கு விளை முழுவதையும் வழிக்கத் தேவையில்லை. மரத்துக்கு மரம் நடக்கும் தடத்தை மூன்றடி அகலத்தில் தரையோடு வெட்டுங்கள், மற்ற இடத்தில் 10 செ.மீ. விடுங்கள். முட்டளவு புல்லில்தான் பாம்பு தெரியாது. வெட்டுகிறவர் முழங்கால் பூட்ஸ், முகக்கவசம், காதுமூடி இல்லாமல் மிஷினைத் தொடக் கூடாது. கல் தெறிக்கும், 15 மீட்டருக்குள் வேறு ஆள் நிற்கக் கூடாது. வெட்டுவதற்கு முன் கீழே கிடக்கும் பால் சிரட்டைகளைப் பொறுக்கிவிடுங்கள். உடைந்து தெறித்தால் காயம், தண்ணீர் தேங்கினால் கொசு.

மாடு வைத்திருப்பவர்கள் சிலர் புல்லை நன்றாக வளரவிட யூரியா போடுகிறார்கள். இங்கே ஒரு கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் 1856-ல் தொடங்கிய பார்க் கிராஸ் சோதனை இன்றும் நடக்கிறது. உரம் காணாத துண்டுகளில் பல வகைப் புல்லும் பூண்டும் நிற்கின்றன. அம்மோனியம் சல்பேட் தொடர்ந்து போட்டுச் சுண்ணாம்பு இடாத துண்டுகளில் மண் புளித்து, மிகச் சில வகைகளே மிஞ்சின. தழைச்சத்து அதிகமானால் தீவன எடை கூடும், பூ குறையும். இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்காது. ஆகவே தீவனத்துக்கென்று பத்து இருபது செண்ட் தனியாக ஒதுக்குங்கள். வெயில் விழும் இடமானால் கோ-4 அல்லது கோ-5 கம்பு நேப்பியர், 60×50 செ.மீ. இடைவெளியில் கரணை. தென்னை நிழலானால் கினியாப்புல் கோ (ஜிஜி) 3, 50×30 செ.மீ. இடைவெளியில் வேர்க்கரணை. உரமும் சாணமும் அங்கே போகட்டும். நேப்பியரை முதலில் 75–80 நாளில், பிறகு 45 நாளுக்கு ஒரு முறை அறுக்கலாம். இந்தத் தடித்த தூருக்கு மூன்று பல் பிளேடு சுகப்படாது, அரிவாள்தான் நல்லது. மற்ற தோப்பு முழுவதும் உரமில்லாமல், வருஷம் மூன்று வெட்டோடு நிற்கட்டும்.

பெட்ரோல் விஷயத்தில் நம் ஊர் ஈரத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது காற்றின் ஈரத்தை இழுக்கும். இரண்டு வெட்டுக்கு நடுவில் மிஷின் மூன்று நான்கு மாதம் சும்மா இருக்கும். டாங்க்கைக் காலி செய்து, மிஷின் தானாக நிற்கும் வரை ஓட்டி, கார்புரேட்டரை உலரவிடுங்கள். அப்படிச் செய்யாமல் வைத்தால் அடுத்த தடவை கயிறு இழுத்தே கை ஓய்ந்துவிடும். மெக்கானிக்கிடம் வரும் 'ஸ்டார்ட் ஆகல' புகார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பழைய பெட்ரோலும் அழுக்கு ப்ளக்கும்தான் காரணம்.

விலை பத்தாயிரத்தில் தொடங்கி முப்பதாயிரத்துக்கு மேலும் போகிறது. வித்தியாசம் பெரும்பாலும் கியர் பெட்டியிலும் தண்டின் பேரிங்கிலும் உதிரிபாகம் கிடைப்பதிலும். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கியர் பெட்டியும் கிளட்ச்சும் தனியாகக் கிடைக்காத மாடலை எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறையில் 'புதர் அகற்றும் கருவி' என்று கேளுங்கள். மானியப் பட்டியலிலுள்ள மாடலா என்று உறுதி செய்துகொண்டு, பணம் கட்டும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் மானிய விகிதம் கூடுதல்.

ஐம்பது செண்டுக்குக் கீழே இருந்தால் சொந்த மிஷின் வேண்டாம், மணிக்கணக்கில் ஆள் கூப்பிடுங்கள். மொத்தமாகப் பேசினால் சீக்கிரம் முடிக்க நைலானை மாட்டித் தரையோடு வழித்துவிட்டுப் போய்விடுவார்கள். மணிக்கூலி பேசுங்கள். 25.4 மி.மீ. துளையுள்ள மூன்று பல் பிளேடு ஒன்றை நீங்களே வாங்கி வைத்திருந்து, வந்ததும் அதை மாட்டச் சொல்லுங்கள். இந்த வகை மிஷின்களில் பெரும்பாலானவற்றில் அது பொருந்தும். முதல் இரண்டு வீச்சு முடிந்ததும் நிறுத்தச் சொல்லி, வெட்டிய இடத்தில் கையை நிமிர்த்தி வையுங்கள். புல் உள்ளங்கை அகலத்துக்காவது நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பெல்ட் வளையத்தை மாற்றிய பிறகே மூன்றாவது வீச்சு.